வேலை போனவர் எண்ணிய எழுத்துகள்

கலைந்து கிடக்கும் ஆங்கில எழுத்துகளை வைத்து வார்த்தை கோர்க்கும் விளையாட்டு ஸ்கிராபிள். அதைத் தந்தவர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ். 1899-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். நம்மைப் போல டிராயிங் போர்டும் பென்சிலுமாக இருந்த கட்டடக் கலைஞர்.

1931-ல் பொருளாதார மந்தத்தில் அவர் வேலை போச்சு. மனுஷன் முடங்கிவிடவில்லை. நியூயார்க் டைம்ஸ் நாளிதழை விரித்து, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அந்தக் கணக்கில் உருவானதுதான் விளையாட்டு. அடிக்கடி வரும் 'ஈ'க்கு 12 வில்லைகள், மதிப்பு 1 புள்ளிதான். அபூர்வமான 'க்யூ'வுக்கு ஒரே வில்லை, 10 புள்ளி. கடைசியில் 'எஸ்' ஒட்டிப் பன்மையாக்கிச் சுலபமாகத் தப்பிக்கக் கூடாதே! அதனால் அதற்கு நாலே நாலு.

பெரிய கம்பெனிகள் கைவிரித்தன. அவர் பழைய வேலைக்கே திரும்பினார். 1948-ல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் உரிமை பெற்று ஸ்கிராபிள் என்று பெயர் வைத்தார். 1952-க்குப் பிறகுதான் விற்பனை சூடு பிடித்தது. 1993-ல், 93-வது வயதில் பட்ஸ் காலமானார்.

எங்க குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாலே வயிறு கலக்கும். பட்ஸுக்கே ஸ்பெல்லிங் அவ்வளவாக வராதாம்! இதை அறிந்த பிறகு எனக்குப் பயம் பாதி போச்சு. இப்ப பாடத்தில் வரும் ஒவ்வொரு நீளமான வார்த்தையையும் பிரித்து, அதற்குள் ஒளிந்திருக்கும் சின்ன வார்த்தைகளைத் தேடுகிறேன்.

டிப்ளமோ முடித்ததும் நமக்கு வேலை கிடைக்கலாம், தாமதமும் ஆகலாம். கைக்கு வந்த எழுத்துகளை வைத்துத்தானே வார்த்தை கட்டணும், தோழர்களே!