வெள்ளை ஒயினுக்கு மயங்கிய அமெரிக்க அதிபர்! நாக்கும் கடனும்... ஜெஃபர்சனின் கதை

1985 டிசம்பர். லண்டன் ஏலத்தில் ஒரே ஒரு ஒயின் பாட்டில் 1,05,000 பவுண்டுக்கு விலைபோனது. 1787-ம் ஆண்டின் சிவப்பு ஒயின் என்றார்கள். ஆனால், விலை ஒயினுக்கு இல்லை. கண்ணாடியில் பொறித்திருந்த 'டிஎச்.ஜே.' என்ற எழுத்துகளுக்கு! அமெரிக்காவின் 3-வது அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் வாங்கி வைத்த பாட்டில் என்று நம்பினார்கள். அதே வகை பாட்டில்களை வாங்கிய வேறொருவர் பின்னாளில் கோர்ட்டுக்குப் போனார். அந்த எழுத்துகளைப் பொறித்தது மின்கருவி என்று அவர் அமர்த்திய நிபுணர்கள் கூறினர். ஜெஃபர்சன் காலத்தில் கரண்ட் ஏது?

பாட்டில் எப்படியோ, அவருடைய ஒயின் பித்து மட்டும் அசல்.

மணிக்கட்டு வலி... மூன்று மாத டூர்!

1743-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். 1776 சுதந்திரப் பிரகடனத்தை வரைந்தவர். 1784-ல் பாரிஸ் போய், அடுத்த ஆண்டே பிரான்ஸுக்கான அமெரிக்கத் தூதரானார். 1786-ல் வலது மணிக்கட்டில் அடிபட்டது. தெற்கே உள்ள கனிம ஊற்று நீர் நல்லது என்று யோசனை சொன்னார்கள். 1787 பிப்ரவரி கடைசியில் கிளம்பினார். நேராக ஊற்றுக்குப் போனாரா? இல்லை, பர்கண்டி திராட்சைத் தோட்டங்கள் வழியாகப் போனார். கை சரியாகவில்லை. நோட்டுப்புத்தகம் நிறைந்தது.

அந்தக் குறிப்புகளில் ருசி மட்டும் இல்லை. மண் எப்படி, விலை என்ன, கூலி எவ்வளவு, எல்லாமே இருக்கிறது. சிவப்பு ஒயின் எடுக்கும் வோல்னேயில் தொழிலாளிகள் கோதுமை ரொட்டி சாப்பிடுகிறார்கள். பக்கத்திலேயே வெள்ளை ஒயின் எடுக்கும் மெர்சோவில் கம்பு போன்ற மட்டமான 'ரை' தானிய ரொட்டிதான். ஏன் என்று விசாரித்தார். வெள்ளை ஒயின் அடிக்கடி தரம் தவறி விற்காமல் தேங்கிவிடும், அதனால் முதலாளி கையில் காசு இல்லை என்று பதில் வந்தது. ஒயின் ருசிக்கப் போன இடத்தில் கூலிக்காரன் தட்டையும் பார்த்த மனிதர் இவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குன்றின் மேல் கிடைத்த ஒயின்

அடுத்து ரோன் நதிக்கரை. அங்கே எர்மிடாஜ் குன்றில் விளையும் வெள்ளை ஒயின் அவர் மனதைப் பிடித்துக்கொண்டது. பின்னாளில் உலகிலேயே முதல் ஒயின் என்று அதற்குப் பட்டமே கொடுத்தார்.

அப்படியென்ன அதில்? எர்மிடாஜ் வெள்ளை என்பது மார்சான், ரூசான் என்ற இரண்டு திராட்சைகளின் கலவை. மார்சான் கனத்தைக் கொடுக்கும். ரூசான் வாசனையையும் லேசான புளிப்பையும் சேர்க்கும். புதிதாக இருக்கும்போது பூ, பேரிக்காய் வாசம். வருடங்கள் போகப் போக தேன், வறுத்த கொட்டை வாசம் வரும். ஆனால் நாக்கில் இனிப்பு இருக்காது. ஐஸ் போல குளிர்ந்தால் வாசனை அமுங்கிவிடும் என்பதால், 12 டிகிரியை ஒட்டித்தான் பரிமாறுவார்கள்.

இதில் ஒரு வியாபார தந்திரத்தையும் ஜெஃபர்சன் எழுதி வைத்திருக்கிறார். வெள்ளை குறைவாகத்தான் கிடைக்கும். தனியாகக் கேட்டால் லேசில் தர மாட்டார்கள். சிவப்பையும் சேர்த்து வாங்கினால்தான் வெள்ளை! நம்மூர் பண்டிகை காம்போ ஆஃபர் மாதிரி.

'டிரை' என்றால் என்ன?

1819-ல் பிரான்ஸில் இருந்த தன் ஏஜென்டுக்கு ருசிகளைப் பிரித்து எழுதினார். இனிப்பு, புளிப்பு, டிரை, பட்டு, துவர்ப்பு. இன்று டிரை வெள்ளை என்று கொண்டாடப்படும் போர்டோ பக்கத்து கிராவ் ஒயினை அவர் புளிப்புப் பட்டியலில் போட்டார். இனிப்பும் புளிப்பும் துளியும் தெரியாததுதான் அவருக்கு டிரை. அதில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு இனிப்பு கலந்தால் பட்டு. அவர் நாக்கு தேடியது அந்தப் பட்டைத்தான்.

இடைத்தரகர்களை அவர் நம்பவில்லை. கலப்படம் நடக்கும் என்பதால் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்து அனுப்பச் சொன்னார். 1801 முதல் 1809 வரை அதிபராக இருந்தபோது, ஆண்டுச் சம்பளம் 25,000 டாலர்; அந்த 8 ஆண்டுகளில் ஒயினுக்கு மட்டும் 10,000 டாலருக்கு மேல் போனது. எர்மிடாஜ் வெள்ளையும் அந்தக் கணக்கில் உண்டு.

சொந்தமாகத் தயாரிக்கவும் ஆசை. 1807-ல் தன் மான்டிசெல்லோ பண்ணையில் 24 ஐரோப்பிய திராட்சை ரகங்களை நட்டார். பூச்சியும் பூஞ்சையும் விடவில்லை.

யார் கை அது?

மான்டிசெல்லோ சாப்பாட்டு அறையில், கணப்பின் இருபக்கமும் சிறிய லிஃப்ட் பெட்டிகள். கீழே உள்ள ஒயின் அறையில் ஒருவர் பாட்டிலை வைத்தால் மேலே வந்துவிடும். விருந்தாளிக்கு பாட்டில் தெரியும். வைத்த கை தெரியாது. அந்தக் கை ஓர் அடிமையுடையது. வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார் ஜெஃபர்சன். மெர்சோ தொழிலாளியின் ரொட்டியைப் பற்றி விசாரித்த அதே ஜெஃபர்சன்தான்!

ஒயின் மட்டுமே அவரைக் கடனாளியாக்கவில்லை. மாமனார் வழி வந்த கடன், வீடு கட்டிய செலவு, நண்பருக்குப் போட்ட ஜாமீன் எல்லாம் சேர்ந்தது. ஓய்வுக்குப் பிறகு எர்மிடாஜை விட்டு, தென் பிரான்ஸின் மலிவு ஒயின்களுக்கு இறங்கினார். குடிப்பதை நிறுத்தவில்லை. 1826 ஜூலை 4-ல், பிரகடனம் கையில் வந்த 50-வது ஆண்டு நாளில் இறந்தபோது, கடன் 1 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது.

1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. சாமான்களோடு 130 அடிமைகளும் ஏலப் பட்டியலில் இருந்தார்கள். அதிபர் மாளிகையில் பிரெஞ்சு சமையல் கற்று, அந்த ஒயின்களுக்கு விருந்து சமைத்த எடித் ஃபாசெட் அவர்களில் ஒருவர். கணவர் ஜோவுக்கு ஜெஃபர்சனின் உயில் விடுதலை கொடுத்திருந்தது. எடித்தையும் பிள்ளைகளையும் விற்றார்கள்.