பச்சைப் பாலும் லூயி பாஸ்டரின் பாடமும்

செப்டெம்பர் மாதம் 28 ஆம் திகதி உலக நீர்வெறுப்பு நோய் தினமாக 2007 ஆம் ஆண்டு முதல் அனுஷ்டிக்கப்பட்டு வருகின்றது. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1895 இல் கண்மூடிய நாள் அதுவாகும். விசர்நாய்க்கடிக்கு மருந்து கண்டவர் என்ற வகையில் அந்தத் தினம் அவருக்கு உரியதாயிற்று. ஆனால் அவரது பெயர் ஒவ்வொரு நாளும் நம் கைக்கு வருவது பால் பக்கற்றின் மூலமாகவே. கண்டியை அடுத்த திகனயில் உள்ள மில்கோ தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் பாலாக இருந்தாலென்ன, வேறெங்கிருந்து வரும் பாலாக இருந்தாலென்ன, அது கடைக்கு வருமுன்னர் கடந்து வரும் சூடாக்கும் முறைக்கு அவரது பெயரே சூட்டப்பட்டுள்ளது.

அந்த முறை அவசியந்தானா என்ற கேள்வி அண்மைக் காலமாக உலகின் பல பாகங்களிலும் எழுப்பப்படுகின்றது. காய்ச்சாத பாலே உயிருள்ள பால், சூடு பட்டதும் அதன் சத்து செத்துவிடுகின்றது என்பது அத்தரப்பினரின் வாதம். 2021, 2022 ஆம் ஆண்டுகளில் பால்மாவுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டின் போது நம்மவர் பலர் அயலில் கறக்கும் பசும்பாலை நாடினர். அது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் அயலிற் கறந்த பாலோடு சேர்ந்து, அதை அப்படியே அருந்தலாம் என்ற எண்ணமும் வீட்டுக்குள் நுழையுமாயின் அது ஆபத்தானது. இந்த விவாதத்தைச் சரியாக விளங்கிக்கொள்வதற்கு, அதன் மூலபுருஷரின் வாழ்க்கையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயனுடையது.

லூயி பாஸ்டர் 1822 டிசெம்பர் 27 ஆம் திகதி பிரான்சின் கிழக்கே உள்ள டோல் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. முன்னர் நெப்போலியனின் படையில் பணியாற்றியவர். பிள்ளைப் பருவத்தில் பாஸ்டர் படிப்பிற் சிறந்து விளங்கியவரல்லர். ஓவியத்திலேயே அவருக்கு நாட்டமிருந்தது. உயர்கல்விக்காகப் பதினைந்தாவது வயதில் பாரிஸுக்கு அனுப்பப்பட்டபோது வீட்டு நினைவு தாளாமல் திரும்பி வந்துவிட்டார். பின்னாளில் இரசாயனவியலையே புரட்டிப்போட்ட அவருக்கு, விஞ்ஞானப் பரீட்சையில் இரசாயனவியலுக்குக் கிடைத்தது சாதாரண பெறுபேறே. எனினும் விடாமுயற்சியினால் 1843 இல் பாரிஸின் புகழ்பெற்ற உயர் ஆசிரியர் கல்லூரியில் இடம்பிடித்தார். 1848 இல் தார்த்தாரிக் அமிலப் பளிங்குகள் பற்றிய ஆய்வின் மூலம் அறிஞருலகின் கவனத்தைத் தன்பால் ஈர்த்தார்.

1854 இல் லீல் நகரப் பல்கலைக்கழகத்துக்கு அவர் விஞ்ஞானபீட அதிபராகச் சென்றமை திருப்புமுனையாயிற்று. பீற்றூட்டிலிருந்து மதுசாரம் வடிக்கும் தொழிலதிபர் ஒருவர், தம் தொட்டிகளில் மதுசாரம் கெட்டுப் புளித்துப்போவதேன் என்று கேட்டு அவரிடம் வந்தார். நுணுக்குக்காட்டியினூடாகப் பார்த்த பாஸ்டர், நல்ல தொட்டியில் ஒருவகை உயிரும் கெட்ட தொட்டியில் வேறொருவகை உயிரும் பெருகியிருப்பதைக் கண்டார். நொதித்தல் என்பது வெறும் இரசாயன மாற்றமன்று, கண்ணுக்குப் புலப்படாத உயிர்களின் செயலே என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1857 இல் இது பற்றி அவர் வெளியிட்ட முதற் கட்டுரைக்கு அடிப்படையாக இருந்தது பால் புளிப்பதற்குக் காரணமான நொதித்தலே என்பது இங்கு கருதத்தக்கது. நம் வீட்டுச் சட்டியில் பால் தயிராவதும் அதே இனத்துச் செயலே.

உயிரில்லாதவற்றிலிருந்து உயிர் தானாகத் தோன்றும் என்ற பழைய கொள்கையுடன் அவர் அடுத்து மோதினார். கழுத்து வளைந்த குடுவைகளில் கொதிக்கவைத்த சாறு மாதக்கணக்கிற் கெடாமல் இருந்தது. கழுத்தை உடைத்ததும் சில நாட்களிற் கெட்டது. காற்றில் வரும் தூசியே கிருமிகளைச் சுமந்து வருகின்றது என்பதை நிறுவ அவர் மலையேறினார். தாழ்நிலத்திலே திறந்த இருபது குடுவைகளில் எட்டுக் கெட்டுப்போயின. அல்ப்ஸ் மலைப் பனியாற்றிலே திறந்த இருபதில் ஒன்று மாத்திரமே கெட்டது. இந்த ஆய்வுகளின் போது பாலைப் பற்றி அவர் கண்ட ஓர் உண்மை பலராலும் மறக்கப்பட்டுவிட்டது. ஏனைய சாறுகளைப் பாதுகாக்கப் போதுமாயிருந்த 100 பாகை வெப்பம் பாலுக்குப் போதவில்லை. அமுக்கத்தின் கீழ் 110 பாகை வரை சூடாக்கிய பின்னரே பால் கெடாமல் நின்றது. கொதிக்கவைத்தாலும் சாகாத கிருமி வித்துகள் பாலில் உண்டு என்பதே இதன் பொருள். காய்ச்சிய பாலையும் ஆறவிட்டுக் குளிரூட்டாமல் வைத்தால் மறுநாள் திரிந்துபோவது இதனாலேயே.

பிரெஞ்சு வைன் ஏற்றுமதியாகும் வழியிற் கெட்டுப்போவதைத் தடுக்க வழிகாணுமாறு 1863 இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அவரைப் பணித்தார். வைனைக் கொதிக்கவிடாமல், 50 முதல் 60 பாகை வரை சிறிது நேரம் சூடாக்கினாலே அதைக் கெடுக்கும் கிருமிகள் அழிகின்றன, சுவையும் கெடுவதில்லை என்று அவர் கண்டார். 1865 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதைக்கொண்டு பொருள் தேடவில்லை. எவரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். பாஸ்டர் முறை எனப்படுவது இதுவே. அது பாலுக்காகத் தோன்றியதல்ல, வைனுக்காகத் தோன்றியது என்பதை அறிந்தோர் சிலரே.

இதே காலத்தில் அவரது இல்லத்தில் மரணம் மீண்டும் மீண்டும் கதவைத் தட்டியது. அவருக்கும் மனைவி மரீக்கும் பிறந்த ஐந்து பிள்ளைகளில் மூவர் சிறு வயதிலேயே இறந்தனர். மூத்த மகள் ஜான் 1859 இல் ஒன்பது வயதிலும், மற்றொரு மகள் செசில் 1866 இல் பன்னிரண்டு வயதிலும் நெருப்புக் காய்ச்சலுக்குப் பலியாகினர். இரண்டு வயதுக் குழந்தை கமீய் 1865 இல் மறைந்தது. நெருப்புக் காய்ச்சல் அசுத்த நீரினாலும் அசுத்தப் பாலினாலும் பரவக்கூடிய நோய் என்பது இன்று பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். அன்று அதற்கான கிருமிகூட இனங்காணப்பட்டிருக்கவில்லை. கிருமிகளுக்கு எதிரான அவரது போராட்டத்தின் பின்னால் ஒரு தகப்பனின் துயரமும் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

பட்டுப்புழு நோயை ஆராய்ந்து பிரான்சின் பட்டுத் தொழிலை மீட்டெடுக்க உழைத்துக்கொண்டிருந்த வேளையில், 1868 இல், பாரிசவாதம் அவரைத் தாக்கியது. வயது 45. இடது பக்கம் செயலிழந்தது. அவரது பெரும் சாதனைகளிற் பல அதன் பின்னரே வந்தன. கோழிகளைத் தாக்கும் கொலரா, கால்நடைகளைக் கொல்லும் அந்திரக்ஸ் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி கண்டார். 1881 இல் புயி லெ ஃபோர் என்ற கிராமத்தில், ஊரறிய, ஐம்பது ஆடுகளில் பாதிக்குத் தடுப்பூசி ஏற்றிப் பாதியை அப்படியே விட்டு, எல்லாவற்றுக்கும் அந்திரக்ஸ் கிருமியைச் செலுத்தினார். ஜூன் 2 ஆம் திகதி மக்கள் கூடிப் பார்த்தபோது ஊசி ஏற்றியவை நின்றுகொண்டிருந்தன. மற்றவை செத்தும் செத்துக்கொண்டும் கிடந்தன.

1885 ஜூலை 6 ஆம் திகதி, விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டரைத் தாய் அவரிடம் அழைத்து வந்தார். பாஸ்டர் வைத்தியர் அல்லர். ஆதலால் ஊசியை வைத்தியர் ஒருவரே ஏற்றினார். ஏறத்தாழப் பத்து நாட்களில் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான். உலகெங்குமிருந்து நிதி குவிந்தது. 1888 இல் பாரிஸில் பாஸ்டர் நிறுவகம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் குன்னூரில் 1907 இல் தோன்றிய பாஸ்டர் நிறுவகமும் அதே மரபில் வந்ததேயாகும்.

பாஸ்டர் குறையற்ற மனிதர் என்று கூறுவதற்கில்லை. அவரது ஆய்வுக் குறிப்பேடுகள் 1964 இல் தேசிய நூலகத்துக்கு வழங்கப்பட்ட பின்னர் வரலாற்றாசிரியர்கள் அவற்றைத் துருவி ஆராய்ந்தனர். அந்திரக்ஸ் தடுப்பூசியைத் தயாரித்த முறையை அவர் வெளிப்படையாகக் கூறவில்லை என்பதும், சிறுவனுக்கு ஏற்றிய முறையை முன்னதாக நாய்களிற் போதியளவு சோதித்திருக்கவில்லை என்பதும் 1995 இல் ஜெரால்ட் கைசன் எழுதிய நூலால் பரவலாகத் தெரியவந்தன. பச்சைப் பாலை ஆதரிப்போர் சிலர் இவற்றைச் சுட்டி, பாஸ்டரின் கொள்கையே பொய் என்று வாதிடுவதுண்டு. அது முறையாகாது. ஒரு மனிதரின் குறை வேறு, அவர் கண்ட உண்மை வேறு. அவருக்குப் பின் வந்தோர் ஆயிரம் முறை சோதித்தே அந்த உண்மையை ஏற்றுக்கொண்டனர்.

பாலைப் பொறுத்தவரை அந்தச் சோதனை நீண்டது. குழந்தைகளுக்கான பாலைப் போத்தலிற் சூடாக்க வேண்டுமென 1886 இல் ஜேர்மனியரான சொக்ஸ்லெட் வலியுறுத்தினார். நியூயோர்க்கில் வணிகர் நேதன் ஸ்ட்ராஸ் 1893 முதல் ஏழைக் குழந்தைகளுக்குச் சூடாக்கிய பால் வழங்கும் நிலையங்களைத் திறந்தார். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தவரும் பாஸ்டரின் போட்டியாளருமான ரொபேட் கொக், மாட்டின் காசநோய் மனிதருக்கு அரிதாகவே தொற்றும் என்று 1901 இல் லண்டனில் அறிவித்தார். அத்தகைய மேதையின் கூற்றை மறுக்கப் பிரித்தானிய அரச ஆணைக்குழுவொன்று பத்தாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. பாலின் மூலம் குழந்தைகளுக்கு அந்நோய் தொற்றுகின்றது என்று 1911 இல் அது முடிவாகக் கூறியது. சிக்காகோ 1908 இலேயே பாலைப் பாஸ்டர் முறைக்கு உட்படுத்துவதைச் சட்டமாக்கியிருந்தது. ஸ்கொட்லாந்து 1983 இல் பச்சைப் பால் விற்பனையைத் தடைசெய்தது.

மறுதரப்பின் நியாயத்தையும் கூறவேண்டும். 63 பாகையில் 30 நிமிடமோ, 72 பாகையில் 15 விநாடியோ சூடாக்கும்போது உயிர்ச்சத்து சீ போன்றவை ஓரளவு குறைவது உண்மையே. ஆனால் அதற்காகப் பாலை நம்பியிருப்பவர் எவருமில்லை. புரதமும் கல்சியமும் அப்படியே எஞ்சுகின்றன. பண்ணையில் வளர்ந்து பச்சைப் பால் அருந்தும் குழந்தைகளிடம் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவாகக் காணப்படுவதாக ஐரோப்பிய ஆய்வுகள் தெரிவிக்கின்றன. எனினும் அந்த ஆய்வாளர்களே பச்சைப் பாலைப் பரிந்துரைக்கவில்லை. கிருமித் தொற்றின் ஆபத்து பெரிது என்பதே காரணம். 2024 இல் அமெரிக்கக் கறவை மாடுகளிடையே பறவைக் காய்ச்சல் பரவியபோது பச்சைப் பாலில் அந்த வைரஸ் காணப்பட்டது. பாஸ்டர் முறை அதைச் செயலிழக்கச் செய்தது. நூற்றாண்டு கடந்தும் புதிய கிருமிக்கும் பழைய மருந்து பயன்பட்டது.

கண்டிப் பகுதிக்கு இது தொலைதூர விவாதமன்று. குண்டசாலை, திகன முதல் பன்வில, கலஹா, தெல்தோட்டை வரை ஓரிரு பசுக்களை நம்பி வாழும் குடும்பங்கள் பல உள்ளன. தோட்டத்து லயங்களின் பின்புறம் கட்டப்பட்டுள்ள பசு, கொழுந்துச் சம்பளத்துக்கு அப்பால் பிள்ளையின் படிப்புச் செலவைத் தாங்குகின்றது. அந்தப் பாலின் மீது வீண் சந்தேகத்தைக் கிளப்புவது நமது நோக்கமன்று. குறை பசுவிடத்திலோ கறப்பவரிடத்திலோ அல்ல. மாட்டில் நோயின் அறிகுறி தெரியாமலேயே கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா முதலான கிருமிகள் மடியிலிருந்து பாலுக்கு வரலாம். சாணியும் தூசியும் கையும் பாத்திரமும் மேலும் கிருமிகளைச் சேர்க்கலாம். கறந்தவுடன் பால் தூய்மையாகத் தெரிவது நமது கண்ணின் குறைபாடே என்பதைத்தான் பாஸ்டர் வாழ்நாளெல்லாம் காட்டினார்.

இன்னுமொன்றும் உண்டு. விசர்நாய் கடித்த பசு சில வாரங்களின் பின் நோயுற்று இறக்கும்போது, அதன் பாலைக் குடித்த குடும்பங்கள் பதறியடித்து வைத்தியசாலைக்கு ஓட நேர்கின்றது. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் 1996 இலும் 1998 இலும் இவ்வாறு நிகழ்ந்தபோது, சூடாக்காத பாலை அருந்திய 80 பேர் தடுப்பூசி பெற நேர்ந்தது. பாலினால் இந்நோய் மனிதருக்குப் பரவியதாக உறுதியான சான்று இல்லை. ஆயினும் காய்ச்சிக் குடித்தவருக்கு அந்த அச்சமே தேவையில்லை. வைரஸ் வெப்பத்தில் அழிந்துவிடும். பாஸ்டரின் இரு பெரும் பணிகளும் ஒரே பசுவின் காலடியில் வந்து சந்திக்கும் இடம் இது.

நமது பாட்டிமார் பாஸ்டரை அறியார். ஆயினும் பாலைப் பொங்கக் காய்ச்சாமல் பிள்ளைக்குக் கொடுத்தாரில்லை. புதுமனை புகும்போதும் பால் காய்ச்சுவதே நமக்கும் நமது சிங்களச் சகோதரர்களுக்கும் பொதுவான வழக்கம். அந்த வழக்கத்தைப் பழமை என்று தள்ளிவிட்டு, இயற்கை என்ற பெயரில் வேறொரு வழக்கத்தை இறக்குமதி செய்வது விவேகமாகாது. ஆட்டுப்பாலைப் பச்சையாகக் கொடுத்தால் இருமல் நீங்கும் என்ற நம்பிக்கையையும், அபிஷேகப் பாலைக் காய்ச்சாமற் குழந்தைகளுக்கு அருந்தக் கொடுப்பதையும் இதே அளவுகோலால் மறுபரிசீலனை செய்தல் நன்று.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. மடியையும் கையையும் கழுவிக் கறத்தல், பாலை விரைவாகச் சேகரிப்பு நிலையத்திற் சேர்த்துக் குளிரூட்டல், வீட்டிற் பொங்கும்வரை காய்ச்சி மூடிவைத்தல் ஆகியன போதும். கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகமும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடமும் அருகருகே அமைந்திருக்கும் பிரதேசம் இது. அங்குள்ள அறிவு, ஹந்தானை மலையின் மறுபக்கத்து லயத்துக்கும் அதன் மொழியிலேயே சென்றடைய வேண்டும். பசுக்களுக்கும் நாய்களுக்கும் தடுப்பூசி தவறாது கிடைக்க வேண்டும். குளிரூட்டும் வசதியுள்ள சேகரிப்பு நிலையங்கள் தோட்டங்களுக்கு அண்மையில் அமைய வேண்டும்.

மூன்று பிள்ளைகளைப் புதைத்த ஒரு தகப்பன், ஏனையோரின் பிள்ளைகள் பிழைப்பதற்காக உழைத்தார். அவர் நமக்கு விட்டுச்சென்ற பாதுகாப்புக்கு அடுப்பில் ஒரு பாத்திரமும் சில நிமிடப் பொறுமையுமே விலை. அந்தச் சிறு விலையைக் கொடுக்க நாம் தயங்கலாகாது.