வாசகனைத் தேடிய நூலகர்

மனத்துக்கு இனிய நூல் ஒன்றைப் படிக்க வேண்டுமென்று நூலகத்துக்குச் சென்று, ஒரு மணி நேரம் அலமாரிகளைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் மாணவர் நம்முள் பலர். நானும் அவர்களுள் ஒருவன். நூல்களுக்குக் குறைவில்லை; ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கிறார்கள். ஆயினும் நமக்கென்று அமைந்த அந்த ஒரு நூல் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்பது விளங்குவதில்லை. இரண்டு மூன்று முறை இப்படி நேர்ந்தால், தனக்குப் படிப்பில் சுவையே இல்லை போலும் என்று மாணவன் முடிவு கட்டிவிடுகிறான். பிறகு அவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. இந்தக் குறையைத் தீர்ப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட தமிழர் ஒருவர் இருந்தார். எஸ். ஆர். ரங்கநாதன் என்னும் அப்பெரியாரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ரங்கநாதன் 1892 ஆகஸ்டில் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். உள்ளூரில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1916-இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் அரசினர் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தபின் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். வகுப்பறையே அவருடைய உலகம். மாணவர்களோடு உரையாடிப் பாடம் நடத்துவதில் அவருக்குத் தனி இன்பம்.

அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை ஏற்படுத்திற்று. கல்லூரி ஊதியம் குடும்பத்துக்குப் போதாத நிலையில், நண்பர்கள் தூண்ட, ரங்கநாதன் விண்ணப்பம் போட்டார். நூலகப் பணியில் அவருக்குப் பயிற்சி ஏதும் கிடையாது. நேர்முகத் தேர்வுக்குமுன் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு சென்றார் என்பார்கள். வேலை கிடைத்துவிட்டது. 1924 ஜனவரியில் அப்பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார்.

அமர்ந்த சில நாட்களிலேயே அவருக்கு அங்கு இருப்புக் கொள்ளவில்லை. சுற்றிலும் நூல்கள், ஆனால் அவற்றை நாடி வருவோர் மிகச் சிலர். பேச்சுத் துணைக்கும் ஆளில்லாத தனிமை அவரை வாட்டியது. கல்லூரி முதல்வரிடம் ஓடி, பழைய வேலையையே தரும்படி வேண்டினார். முதலில் இங்கிலாந்து சென்று நூலகக் கலையைப் பயின்று வரட்டும், அதன் பிறகும் மனம் ஒட்டாவிடில் கணிதத் துறைக்கே திரும்பலாம் என்று அவருக்கு வழி கூறப்பட்டது. எத்தனையோ பேருக்கு இன்பம் தரவல்ல நூல்களின் நடுவே சலிப்போடு உட்கார்ந்திருந்த அந்த அனுபவம் வீண் போகவில்லை என்றே நான் கருதுகிறேன். நூலும் ஆளும் ஒரே கூரையின்கீழ் இருந்தாலும், இரண்டையும் இணைப்பார் இல்லாவிடில் பயனில்லை என்பதை அவர் நேரிலேயே கண்டுவிட்டார் அல்லவா?

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்றபோது பல பொது நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளியும் வீட்டுப் பெண்ணும் சிறுவனும் உள்ளே வந்து, தாமே அலமாரியில் தேடி, வேண்டிய நூலை எடுத்துச் செல்வதைக் கண்டார். அங்கே நூலகர் காவலாளியாக இல்லை, வழிகாட்டியாக இருந்தார். ரங்கநாதனின் மனம் மாறிவிட்டது. 1925-இல் சென்னைக்குத் திரும்பியவர் கணிதத் துறையை மீண்டும் நாடவில்லை.

வந்ததும் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். சீட்டெழுதிக் கொடுத்துவிட்டு, பணியாள் எடுத்து வரும்வரை காத்திருக்கும் முறையில், பெயர் தெரிந்த நூலை மட்டுமே கேட்க முடியும். அலமாரியின் முன் நின்றாலோ, கேட்க நினையாத நூலும் கண்ணிற் படும். படிக்க இனிய நூல் பெரும்பாலும் அப்படித்தானே நமக்குக் கிடைக்கிறது!

கண்ணிற் பட வேண்டுமானால் நூல்கள் தக்க வரிசையில் நிற்க வேண்டும். லண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டபோது அவருக்கு ஒரு வழி தோன்றிற்று. சில உலோகத் துண்டுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி எத்தனையோ உருவங்களைச் செய்வது அவ்விளையாட்டு. அதுபோலவே ஒரு நூலின் பொருளையும் கூறுகூறாகப் பிரித்துக் குறியீடுகளால் பூட்டலாம் என்று கண்டார். நெற்பயிரின் நோய் பற்றிய நூல் என்றால், பயிர் எது, அதற்கு நேர்ந்தது என்ன, எந்த நாட்டில், எக்காலத்தில் என்று தனித்தனியே குறித்து இணைத்துவிடலாம். அக்குறிகளை இணைக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால் அது கோலன் பகுப்பு முறை எனப் பெயர் பெற்று, 1933-இல் நூலாக வெளிவந்தது.

அதற்கு முன்பே, 1931-இல், நூலக இயலின் ஐந்து விதிகளை அவர் வெளியிட்டிருந்தார். பூட்டி வைக்காமல் பயன்படுத்துவதற்கே நூல். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் கிடைக்க வேண்டும். வாசகனின் காலம் வீணாகக் கூடாது. நூலகம் உயிருள்ள பொருள்போல் வளர்ந்துகொண்டே இருப்பது. இவையே அவற்றின் சாரம். பார்வைக்கு இவை எளியவை. இரண்டாம் விதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாசகன் வெறுங்கையோடு திரும்பினால், அவனுடைய சுவையைக் குறை கூற அதில் இடமில்லை. நூலகம் தன் கடமையைச் செய்து முடிக்கவில்லை என்பதே பொருள்.

இக்கொள்கை பல்கலைக்கழக மதிலுக்குள் நின்றுவிடவில்லை. 1931-இல் மன்னார்குடியில் மாட்டு வண்டி நூலகத்தை அவர் தொடங்கி வைத்தார். சிற்றூர்களுக்கு நூல்கள் வண்டியேறிச் சென்றன. பல்லாண்டு முயற்சியின் பயனாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று.

நம்மைப் போல் அவரும் வடக்கே வந்தவர். 1945-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அங்கிருந்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் தாமே பகுத்து ஒழுங்கு செய்தார். 1947-இல் தில்லிப் பல்கலைக்கழகம் சென்று, நூலக இயலை உயர்பட்டம் வரை வளர்த்தார். பின்னர் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, துணைவியார் சாரதா பெயரையும் தம் பெயரையும் இணைத்து நூலக இயல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவினார். பெங்களூரில் 1972 செப்டம்பர் 27-ஆம் நாள் மறைந்தார். ஆகஸ்ட் 12-ஆம் நாளை நாடு நூலகர் நாளாகக் கொண்டாடுகிறது.

நண்பர்களே, அவர் வகுத்த வழியில் பாதியை நாமும் நடந்தாக வேண்டும். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எப்படிப்பட்ட நூலைத் தேடுகிறோம் என்று நூலகரிடம் கூசாமல் சொல்வோம். தமிழ் நூல்கள் குறைவாயிருந்தால், இன்ன நூல் வேண்டுமென்று எழுதிக் கொடுப்போம். நாம் கேளாவிடில், தமிழுக்கு இங்கே வாசகர் இல்லை என்றே கருதிவிடுவார்கள். நம்மில் ஒருவருக்காகக் காத்திருக்கும் நூல் ஏதோ ஓர் அலமாரியில் தூசி படிந்து நிற்கிறது. அடுத்த முறை வெறுங்கையோடு வாயிலைத் தாண்டுமுன், ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.