மாணவருள் மூத்தவர்

திருகோணமலையில் வாழ்வோர்க்கு இருவகை எண்ணெய் பழக்கமானவை. ஒன்று, கோணேசர் சந்நிதியில் சுடர்விடும் விளக்கெண்ணெய். மற்றொன்று, பிரித்தானியர் தம் கடற்படைக்கெனச் சீனக்குடாவில் அமைத்த பெருங்குதங்களுக்குரிய எண்ணெய். நான் இரசாயனம் கற்பிக்கத் தொடங்கிய புதிதில், தேங்காய் எண்ணெயிலிருந்து சவர்க்காரம் செய்து காட்டினேன். மாணவன் ஒருவன் எழுந்து, குதத்து எண்ணெயிலும் இவ்வாறு செய்யலாகுமோ என வினவினான். ஆகாது என்பதை அறிவேன். ஏன் ஆகாது என்று தெளிவுறச் சொல்லும் அறிவு அன்று என்னிடம் இல்லை. அக்குறையை மறைக்க அவனை அதட்டி அமர்த்தினேன். அந்த நாணமே என்னைச் செவ்ரூல் என்னும் பிரெஞ்சு அறிஞரின் வரலாற்றிடம் கொண்டு சேர்த்தது.

மிசேல் இயூஜீன் செவ்ரூல் 1786ஆம் ஆண்டு ஆகத்து 31ஆம் நாள் ஆஞ்சே நகரில், மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பினூடே அவரது இளமை கழிந்தது. 1803இல் பாரிஸ் சென்று, வோக்லான் என்னும் இரசாயன அறிஞரிடம் மாணவரானார்.

கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் சவர்க்காரம் பிறக்கும் என்பதை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். கொழுப்பு முழுமையாகக் காரத்தோடு கலந்துவிடுகிறது என்பதே பொதுவான எண்ணம். 1811இல் பன்றிக்கொழுப்பில் செய்த மென்சவர்க்காரம் ஒன்று செவ்ரூலின் ஆய்வுக்கு வந்தது. அதனை அவர் அமிலத்தால் பிரித்தபோது முத்தென ஒளிரும் பளிங்குகள் கிடைத்தன. அவை மூலக் கொழுப்பல்ல, தாமே அமிலமாயிருந்தன! முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்கு மார்கரிக் அமிலம் எனப் பெயரிட்டார்.

அதன்பின் பல்லாண்டுகள் விலங்குக் கொழுப்புகளையும் வெண்ணெயையும் பொறுமையோடு ஆராய்ந்தார். பொருள் தூயதா என்றறிய, அதன் உருகுநிலை மாறாதிருக்கும்வரை மீண்டும் மீண்டும் பளிங்காக்கினார். ஸ்டியரிக், ஒலேயிக் அமிலங்களும், கெட்டுப்போன வெண்ணெயில் நாறும் பியூட்டிரிக் அமிலமும் இவ்வாறு வெளிப்பட்டன. சுவீடன் நாட்டு ஷீலே முன்னரே கண்டிருந்த இனிய நீர்மத்துக்குக் கிளிசரீன் என்ற பெயரையும் இவரே சூட்டினார். ஆய்வுகள் யாவும் 1823இல் நூலாயின.

இன்று நாம் அறிந்த மொழியில் சொன்னால், இவ்வமிலங்கள் வினாகிரியின் அமிலத்தைப் போன்றே காபொட்சிலிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அமிலமும் அற்ககோலும் நீரை இழந்து இணைந்தால் எசுத்தர் உண்டாகும். பழங்களின் நறுமணம் பலவும் எசுத்தர்களே. கொழுப்பமிலங்கள் மூன்று ஒரு கிளிசரீனோடு பிணைந்த எசுத்தரே கொழுப்பும் தாவர எண்ணெயும். காரம் அப்பிணைப்பை உடைக்கிறது. அமிலத்தின் உப்பு சவர்க்காரமாகிறது. கிளிசரீன் தனித்து நிற்கிறது. பிரித்தெடுத்த அமிலங்களையும் கிளிசரீனையும் சேர்த்து நிறுத்தால், எடுத்த கொழுப்பைவிட நிறை சற்று மிகும். அம்மிகுதி, உடைவில் வந்து புகுந்த நீருடையது.

குதத்து எண்ணெயோ பெரும்பாலும் காபனும் ஐதரசனும் மட்டுமே சேர்ந்தது. உடைப்பதற்கு அங்கே எசுத்தர்ப் பிணைப்பில்லை. பெயர் ஒன்றாயினும் பிறப்பு வேறு. என் மாணவனுக்கு உரிய விடை இதுவே.

1825இல் செவ்ரூல், கே-லுசாக் என்பவரோடு சேர்ந்து, கொழுப்பமிலத்தால் மெழுகுவர்த்தி செய்ய உரிமம் பெற்றார். புகைந்து நாறிய பழைய கொழுப்புத்திரியைவிட அது தெளிவாக எரிந்தது. ஆயினும் அத்தொழிலில் வெற்றி பிறர்க்கே வாய்த்தது. 1824 முதல் கொபெலின் நெசவுச்சாலையின் சாயப்பகுதியை நடத்திய அவர், அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவதை ஆராய்ந்து 1839இல் நூலெழுதினார்.

அவர் முத்தின் பெயரிட்ட அமிலம் தனிப்பொருளன்று, பால்மிட்டிக், ஸ்டியரிக் அமிலங்களின் கலவையே என்பதை 1850களில் ஹைன்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் காட்டினார். அதனால் செவ்ரூலின் பெருமை குன்றவில்லை; அவர் திறந்த வழியிலே சென்றே அத்திருத்தமும் பிறந்தது. நூறாண்டு கண்ட பின்னரும், பிரான்சின் மாணவருள் தாமே மூத்தவர் என்று சொல்லிக்கொள்வதில் அவர் மகிழ்ந்தார். 1889ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், தம் 102ஆம் வயதில் மறைந்தார்.

இவ்வரலாற்றைப் படித்து முடித்த மறுநாள், வகுப்பில் அந்த மாணவனை அழைத்தேன். நேற்று எனக்கு விடை தெரியவில்லை என்பதை அனைவர் முன்னும் ஒப்புக்கொண்ட பின்னரே பாடத்தைத் தொடங்கினேன்.