டேனியல் பெர்னூலி

சேரன்மகாதேவி வழியே பாயும் கன்னடியன் கால்வாய் குறுகுமிடத்தில் நீர் விரைவது கண்கூடு. மூடிய குழாயினுள் நிகழ்வதோ கண்ணுக்குப் புலப்படாது. அதனை அளந்து காட்டியவர் டேனியல் பெர்னூலி (1700–1782). மருத்துவம் கற்ற அவரைக் குருதியோட்டமே இவ்வாய்வுக்கு ஈர்த்தது. குழாயின் பக்கத்தில் துளையிட்டு நுண்ணிய கண்ணாடிக்குழலைச் செருகினார். அதில் நீர் ஏறிய உயரமே அழுத்தத்தின் அளவாயிற்று. படுத்த குழாய் குறுகினால் வேகம் மிகும், அழுத்தம் குறையும்; ஒரே அகலமுள்ள குழாய் மேலேறினாலும் அழுத்தம் குறையும். குருதியழுத்தம் அளக்கவும் மருத்துவர்கள் அம்முறையைக் கையாண்டனர்.

1734இல் பாரிசு அறிவியற்கழகப் பரிசைத் தம்முடன் பகிர்ந்துகொண்ட மகனைத் தந்தை யோகான் வீட்டைவிட்டே விலக்கினார். 1738இல் மகனின் நீரியக்க நூல் வெளிவந்தது. தந்தையோ பின்னர் வெளியிட்ட தம் நூலை 1732ஆம் ஆண்டினதெனக் குறித்தார். பத்தாண்டு உழைப்பு பறிபோனதே என நண்பர் ஆய்லருக்கு எழுதி வருந்தினார் டேனியல்.