வாசி இல்லாத காசு

துன்பம் வரும்போது இறைவன் எங்கே என்று கேட்காதவர் இல்லை. ஊரையும் உறவையும் விட்டு இத்தேசம் வந்த நாமும் கேட்டவர்களே. அப்படிக் கேட்கும் மெய்யடியார்கள் திருநாவுக்கரசு நாயனாரின் வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நன்று.

7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்பெரியார் திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகப் பிறந்தார். பிள்ளைத்திருநாமம் மருள்நீக்கியார். இளமையிலேயே பெற்றோர் இருவரும் காலமாயினர். தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர்நீத்தார். தாமும் உயிர்விடத் துணிந்த தமக்கையார், தம்பிக்காகவே வாழ உடன்பட்டார். போர் ஒரு வீட்டை எப்படி வெறுமையாக்கும் என்பது எம்மவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தம்பியார் சமண சமயம் புகுந்து, தருமசேனர் என்ற பெயரோடு உயர்நிலை பெற்றார். தமக்கையார் திருவதிகை வீரட்டானத்தில் திருவலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்துக் காத்திருந்தார். சூலைநோய் பற்றி, எந்த வைத்தியமும் பலிக்காதபோது தம்பியார் இரவோடிரவாக அவரிடம் வந்து சேர்ந்தார். தமக்கையார் கொடுத்த திருநீற்றை அணிந்து, அதிகைப் பெருமான் முன்னே நின்று பாடினார். நோய் நீங்கிற்று.

துன்பம் அத்துடன் தீரவில்லை. பல்லவ மன்னன் அவரை 7 நாள் நீற்றறையில் அடைத்தான், நஞ்சு ஊட்டினான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலிலே தள்ளுவித்தான் என்று பெரியபுராணம் கூறுகின்றது. ஐந்தெழுத்தே துணையாக மீண்டவர், அரச மரியாதை எதையும் நாடவில்லை. உழவாரமும் கையுமாகத் தலந்தோறும் நடந்து, கோயில் வீதிகளிலே புல் செதுக்கினார்.

கணக்கு எழுதிப் பிழைக்கும் எமக்கு மனதில் நிற்பது திருவீழிமிழலை நிகழ்ச்சி. அங்கே அப்பரும் சம்பந்தரும் தங்கியிருந்தபோது கடும் பஞ்சம் வந்தது. அடியார்களுக்கு அமுதளிக்க இறைவன் இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினார். சம்பந்தர் காசை மாற்றும்போது வாசி, அதாவது வட்டம், கழிக்கப்பட்டது. அப்பர் காசு முழுப் பெறுமதிக்கும் போயிற்று. அவர் உடம்பாலும் தொண்டு செய்தமையே காரணம். பின்னர் சம்பந்தரும் பதிகம் பாடி வாசியில்லாக் காசு பெற்றார். எனவே இதில் ஏற்றத்தாழ்வு பேசுவதற்கில்லை.

நாம் கவனிக்கவேண்டியது வேறு. பஞ்சம் உடனே மறையவில்லை. அது நீங்கும்வரை அன்றன்றைய செலவுக்குக் காசு கிடைத்தது. சேமிப்பு இல்லை, ஆனால் ஒரு நாளும் வெறுங்கையும் இல்லை.

நாம் இங்கு வந்த முதற் குளிர்காலத்தில் எமது பட்டத்துக்கு மதிப்பிருக்கவில்லை. வீட்டிலிருந்து கடிதமும் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, வாடகை மண்டபத்தில் பூசை முடிந்து எல்லோரும் போனபின் நிலத்தைக் கூட்டினோம். கவலை தீரவில்லை. ஆயினும் அன்றிரவு நித்திரை வந்தது. அதுவே அன்றைய காசு என்று பின்னாளில் விளங்கிற்று.

திருப்புகலூரிலே அப்பர் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றின. பருக்கைக் கற்களோடு அவற்றையும் வாரிக் குளத்திலே எறிந்தார். 81 வயதில், சித்திரைச் சதயத்தன்று, அத்தலத்திலேயே இறைவனடி சேர்ந்தார்.

மனம் சோர்ந்திருக்கும் அன்பர்களே, பாட வராவிட்டாலும் வாருங்கள். எமது கோயிலில் விளக்குமாறு எப்போதும் கதவோரமே இருக்கின்றது.

திருச்சிற்றம்பலம்.