சான்று கேட்ட சொல்லறிஞர்

ஒரு கூற்று நாட்டத்தக்கது என்பதைக் குறிக்க ஆங்கிலத்திற் பல சொற்கள் உள. அவை ஒன்றற்கொன்று ஈடாவன அல்ல. அவற்றின் எல்லைகளை வரைந்து காட்டியவருட் பெயர் பெற்றவர் சாமுவேல் ஜோன்சன்.

இங்கிலாந்தின் லிச்பீல்ட் நகரிலே 1709ஆம் ஆண்டு புத்தக வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே கண்டமாலை நோய் அவர் பார்வையைக் கெடுத்தது. ஒக்ஸ்போட்டில் ஓராண்டளவு பயின்று, பொருளின்மையாற் பட்டம் பெறாது நீங்கினார். பள்ளிக்கூடம் ஒன்று நிறுவினார், மாணாக்கர் மிகச் சிலரே சேர்ந்தனர். (ஆசிரியத் தொழில் புரிவோர்க்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு.) 1737இல் இலண்டன் சென்று, பத்திரிகைக்கு எழுதி வயிறு வளர்த்தார்.

1746இல் நூல் வெளியீட்டாளர் சிலர் அகராதி ஒன்று செய்யுமாறு அவரை அமர்த்தினர். உதவியாளர் அறுவருடன் அவர் தொகுத்த அந்நூல் 1755இல் இரு பெருந் தொகுதிகளாக வெளிவந்தது. சொற்கள் 42,000க்கு மேற்பட்டன. அவற்றுக்குச் சான்றாகப் புலவர் நூல்களினின்றும் எடுத்துக் காட்டிய மேற்கோள்களோ இலக்கத்தையுங் கடந்தன. இச்சொல்லுக்கு இதுவே பொருள் என்பதற்கும் சான்று வேண்டும் என்பது அவர் துணிபு.

டெமொன்ஸ்ட்ரபிள் என்னும் சொல்லுக்கு, ஐயமும் மறுப்பும் எழாவண்ணம் நாட்டத்தக்கது என்னுங் கருத்திற் பொருள் எழுதினார். புறொபபிள் என்பதற்கோ, மறுதலையிலும் மிக்க சான்றுடையது என்னும் அளவே. பின்னையதும் இலத்தீனில் நிறுவுதலைக் குறிக்கும் அடியிற் பிறந்ததே; வழக்கில் வலி குன்றிப் பெரும்பாலும் மெய்யாகக் கூடியது என நின்றது. வெரிபை என்பது மெய்யென உறுதிப்படுத்துதல். எனவே, வெரிபையபிள் என்பது சென்று நோக்கித் தேரத்தக்க கூற்று. டெமொன்ஸ்ட்ரபிள் என்பது காரணங்காட்டி முடிக்கத்தக்க கூற்று. காட்சியளவை, கருதலளவை என்பன கற்றோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

இவை ஏட்டளவில் நிற்கும் நுட்பங்கள் அல்ல என்பதை 1762இல் இலண்டன் மாநகர் கண்டது. அங்குக் கொக் லேன் என்னும் ஒழுங்கையிலே, பாசன்ஸ் என்பவன் வீட்டில், அவன் சிறு மகளின் படுக்கையருகே இரவிலே தட்டும் ஓசை கேட்டது. ஒரு தட்டு ஆம், இரு தட்டு அன்று எனக் கொண்டு வினவினர். முன்னர் அவ்வீட்டிற் குடியிருந்து இறந்த பானி என்பவளின் ஆவி அஃது எனவும், அவளோடு வாழ்ந்த கென்ட் என்பவனே நஞ்சூட்டிக் கொன்றான் எனவும் விடை வந்ததாம். பெருமக்களும் வண்டியேறி வந்து கேட்டனர். ஊர் நம்பியது, கென்டின் கழுத்தோ தூக்குக்கயிற்றை நோக்கி நின்றது. பாசன்ஸ் அவனிடங் கடன்பட்டு வழக்குக்கும் உள்ளானவன் என்பதை எண்ணினோர் சிலரே.

ஆராயக் கூடியவருள் ஜோன்சனும் ஒருவர். நிலவறையிலே தன் பெட்டியைத் தட்டுவதாக ஆவி வாக்களித்திருந்தது. அதுவே பிடி, ஆவியுண்டோ என்பது தீராவழக்கு, பெட்டியில் ஓசை எழுமோ என்பது செவியால் தேரத்தக்கது. நள்ளிரவு கடந்து கிளாக்கன்வெல் ஆலயத்தின் நிலவறையுள் இறங்கி, ஆவியை அழைத்துக் காத்தனர். ஓசை எழவில்லை. ஜோன்சன் அதனைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். சின்னாளிற் சிறுமி மரத்துண்டொன்றை ஒளித்து வைத்திருந்தமை வெளிப்பட்டது. பாசன்ஸ் சிறை புகுந்தான்.

மற்றொரு வழக்கு மக்பேர்சன் என்பவரைப் பற்றியது. ஒசியன் என்னும் பழம்புலவனின் கேலிக் மொழிக் காவியங்களைப் பெயர்த்ததாக அவர் கூறினார். மூல ஏட்டைக் காட்டுக என்றார் ஜோன்சன். 1773இல் ஸ்கொத்லாந்தின் மேலைத்தீவுகளுக்குஞ் சென்று உசாவினார். 1775இல் அச்செலவு பற்றிய நூலில், அவை பொய்ந்நூல் என்றே எழுதினார். மக்பேர்சன் மிரட்டிக் கடிதம் விடுத்தார். ஜோன்சன் வன்மையாக மறுமொழி எழுதி, கனத்த கைத்தடி ஒன்றும் வாங்கி வைத்துக்கொண்டார்! ஆனால், நூறாண்டுப் பழமையுடைய கேலிக் ஏடே இல்லை என்று அவர் உரைத்தது மிகை. லிஸ்மோர் குருவின் ஏடு பதினாறாம் நூற்றாண்டினது. அவ்விடத்து அவர் கூற்றுக்குப் புறொபபிள் என்னுஞ் சொல்லும் மிகையே.

1784 டிசம்பர் 13இல் ஜோன்சன் மறைந்தார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். 1796இல் இறந்த மக்பேர்சனும் அவ்வாலயத்திலேயே அடக்கமாயினார்.